ரொறன்ரோவா, மொன்றியலா, பேர்ணா? மட்டக்களப்பில் இருந்து ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்குகிறவருக்கு

மட்டக்களப்பில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குப் போடுகிறதுதான், அதனால் ஐஸ் ஹொக்கி பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஆனால் கனடாவிலோ சுவிஸிலோ சொந்தக்காரர் இல்லாத குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும், அங்கே பிறந்து வளர்ந்த மருமக்களோடு கதைக்க வேறு விஷயம் கிடைக்காத நேரத்தில் இந்த ஆட்டம் நன்றாகக் கைகொடுக்கும். தொடங்க நினைக்கிறவர் விதிகளைப் படிக்கப் போகவேண்டாம். முதலில் ஒரு அணியைப் பிடியுங்கள். அணி இல்லாமல் பார்த்தால் பத்து நிமிடத்தில் நித்திரை வந்துவிடும்.

எங்கள் ஆட்களுக்கு இயல்பாக வருகிற தெரிவு மூன்று. ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ், மொன்றியல் கனேடியன்ஸ், சுவிஸ் லீக்கில் எஸ்.சி. பேர்ண். நாலாவதாக, யார் வெல்கிறார்களோ அவர்கள் பக்கம் நிற்பது. 2024, 2025 என்று அடுத்தடுத்து ஸ்டான்லி கோப்பையை, அதாவது வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லின் கோப்பையை, எடுத்த புளோரிடா பாந்தர்ஸ் அந்த வகை. நல்ல அணி, மறுக்கவில்லை. ஆனால் புளோரிடாவில் யார் இருக்கிறார்கள் உங்களோடு சண்டை பிடிக்க?

விதி பற்றி இவ்வளவு போதும்: 20 நிமிடம் வீதம் மூன்று பாகம், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் கோல் காப்பாளரும், தப்புச் செய்தவன் பெட்டிக்குள் போய் இரண்டு நிமிடம் இருப்பான், அவனுடைய அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வரும். ஆள் மாற்றுவதுதான் முதலில் குழப்பும். நியூ ஓர்லியன்ஸில் இருந்து வந்த வெபர் அடிகளார் போன்ற இயேசு சபைக் குருமாரின் புண்ணியத்தில் பாஸ்கட்போல் பார்த்து வளர்ந்த ஊர் இது, ஆள் மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அங்கே விசில் ஊதிய பிறகுதான் மாற்றுவார்கள். இங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கிறான், மற்றவன் வெளியே ஏறுகிறான், கிட்டத்தட்ட முக்கால் நிமிடத்துக்கு ஒருக்கால். பக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எல்லோரும் சொல்லும் குறை. அந்த ரப்பர் வில்லை 170 கிராம் வரை இருக்கும், கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம்தான் கனம், ஆனால் ஃபோன் திரையில், அதுவும் டேட்டா மிச்சம் பிடிக்கக் குறைந்த தரத்தில் பார்த்தால், ஒரு புள்ளிதான். அதைத் துரத்தாதீர்கள். பத்துத் தலையும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக் அங்கேதான் இருக்கும்.

சரி, ரொறன்ரோ. கதைக்க விஷயம் வேண்டுமென்றால் இவர்களை அடிக்க ஆளில்லை. கடைசியாகக் கோப்பை எடுத்தது 1967இல், அதுவும் மொன்றியலைத் தோற்கடித்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 2013இல் பொஸ்டனோடு நாலு ஆட்டம் வென்றவர் மேலே போகும் தொடரில் கடைசியான ஏழாவது ஆட்டம், கடைசிப் பாகத்தில் 4-1 என்று முன்னுக்கு நின்றவர்கள் சமநிலைக்கு வந்து, முதல் கோல் போட்டவர் வெல்லும் ஓவர்டைமில் தோற்றார்கள். 2024இலும் அதே பொஸ்டன், அதே ஏழாவது ஆட்டம், அதே ஓவர்டைம். எங்களுக்கு அது ஞாயிறு காலை. நடுவில் இருந்து பொஸ்டன்காரன் ஒருவன் பக்கை மூலைப் பக்கமாக அடித்துவிடுகிறான், அது பின் சுவரில் பட்டு கோலுக்கு முன்னால் திரும்பி வருகிறது, ரொறன்ரோ ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, பொஸ்டனின் பாஸ்டர்னாக் பின்னால் இருந்து ஓடிவந்து ஒரே இழுப்பில் உள்ளே தள்ளிவிட்டான். ஓவர்டைம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 2025இல் புளோரிடாவுடன் ஏழாவது ஆட்டம், சொந்த மண்ணில், 6-1 என்று தோல்வி. ஸ்காபரோவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு அடுத்த நாள் ஃபோன் எடுத்தால் செத்த வீடு மாதிரி இருந்தது, அத்தான் கதைக்கவே வரவில்லை. இப்படி ஒரு அணியைப் பிடிக்கச் சொல்வதா? உறவுக்கு நல்லது, உடம்புக்கு நல்லதில்லை.

மொன்றியல் வேறு ரகம். 1909இல் தொடங்கியது, என்.எச்.எல். லீக்கே 1917இல்தான் வந்தது. 24 கோப்பை, வேறு எவரும் கிட்டவும் இல்லை. ஆனால் கடைசி 1993இல், அதற்குப் பிறகு 2025 வரை எந்தக் கனடிய அணியும் எடுக்கவில்லை என்பது அந்த நாட்டுக்கே பெரிய தலைக்குனிவு. புதிதாகப் பார்க்கிறவருக்கு நான் இவர்களைச் சொல்வதற்குக் காரணம் பழைய பெருமை இல்லை. சுசூக்கி, கோஃபீல்ட், ஹட்சன் என்று இளம் ஆட்கள், 2025இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது ஹட்சனுக்குத்தான் போனது. தற்காப்பு ஆட்டக்காரனான அவன் எதிராளி முன்னால் வந்ததும் தோளை ஒரு பக்கம் ஆட்டிவிட்டு மறுபக்கத்தால் போகிறதைப் பார்த்தால், விதி தெரியாதவனுக்கும் விளங்கும். தோற்றாலும் வயிறெரியாது, இன்னும் வளர்கிற பிள்ளைகள்தானே.

பேர்ண் பற்றிச் சித்தப்பா பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பதினேழாயிரம் பேர் கொள்ளும் அரங்கு, அதில் ஒரு பக்கம் முழுக்க நின்றுகொண்டே பாட்டுப் பாடும் கூட்டம், ஐரோப்பாவில் பல வருடமாக அதிக ரசிகர் வந்தது அங்கேதான். சுவிஸ் லீக்கை லேசாக நினைக்கவேண்டாம், ரொறன்ரோவின் நட்சத்திரமான மத்தியூஸே என்.எச்.எல்.லுக்குப் போகும் முன் ஒரு வருடம் சூரிச்சில் ஆடியவன். புள்ளி முறையும் அங்கேதான் நியாயம்: சாதாரண நேரத்தில் வென்றால் மூன்று, ஓவர்டைமில் வென்றால் இரண்டு, தோற்றால் ஒன்று. என்.எச்.எல்.லில் எப்படி வென்றாலும் இரண்டு, ஓவர்டைமில் தோற்றவனுக்கும் ஒன்று, அதனால் கடைசி ஐந்து நிமிடம் சமநிலையில் இருந்தால் இரண்டு பேரும் அந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா சுற்றுவார்கள். இது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் பேர்ண் ஆட்டத்தை நேரடியாகப் பார்க்க இங்கிருந்து வழி லேசில்லை, வர்ணனை ஜெர்மன், பிரெஞ்சு. என்.எச்.எல். என்றால் ஆட்டம் முடிந்ததும் சுருக்கம் யூடியூபில் வந்துவிடும். (கனடாவில் 2008இல் இருந்து பஞ்சாபியில் வர்ணனை செய்கிறார்கள். கேட்கும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது.)

நேரத்தைப் பார்த்தால், பேர்ணில் 7:45க்குத் தொடங்குகிறது குளிர்காலத்தில் எங்களுக்கு நள்ளிரவு 12:15. அடுத்த நாள் வேலைக்குப் போகிறவனுக்கு அது சரிவராது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இரவு 7 மணி என்றால் ஒக்டோபரில் இங்கே விடிய 4:30, நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 5:30. வாங்கோசை கேட்கிற நேரம், கரண்டும் டேட்டாவும் ஒழுங்காக இருக்கிற நேரமும் அதுதான்.

ஆகவே என் தெரிவு மொன்றியல், கதைக்க மட்டும் ரொறன்ரோ. சித்தப்பாவுக்குப் பேர்ணின் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு வசனம் அனுப்பினால் போதும். சீசனின் எல்லா ஆட்டத்தையும் பார்க்க நினைக்கவேண்டாம், கனடாக்காரனே பார்ப்பதில்லை. அவர்களுடைய சனிக்கிழமை இரவில் இரண்டு அணிக்கும் பெரும்பாலும் ஆட்டம் இருக்கும், எங்களுக்கு அது ஞாயிறு விடியற்காலை. அதை மட்டும் பாருங்கள், ஏப்ரலில் கோப்பைக்கான பிளேஓஃப் சுற்று தொடங்கியதும் மிச்சத்தைப் பார்க்கலாம். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் ஓவர்டைம் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.