கடை பிராண்டா, கம்பெனி பிராண்டா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

சர்க்கரை, உப்பு, சமையல் சோடா. இந்த மூன்றுக்கும் கடை தன் பெயரிலேயே விற்கும் ‘கடை பிராண்டு’ இருக்க, கம்பெனி பிராண்டு தேடிக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வெள்ளைச் சர்க்கரை எந்தப் பையில் வந்தாலும் 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ்தான். சமையல் சோடா எல்லா டப்பாவிலும் சோடியம் பைகார்பனேட்தான். உப்பில் மட்டும் அயோடின் உண்டா, தூள் எவ்வளவு நைசு என்று பாருங்கள். நைசான உப்பு ஒரு ஸ்பூனில் அதிக எடை பிடிக்கும். பிராண்டு மாற்றியதும் கரிக்கிறதே என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒன்றுக்கு மேற்பட்ட சரக்கு கலந்ததும் கணக்கு வேறு. பின்பக்கப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தக்காளி சாஸை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தக்காளி விழுது முதலில் நிற்கும், இன்னொன்றில் தண்ணீரும் சர்க்கரையும் முந்திக்கொள்ளும். ஒரு ஸ்பூன் சாஸைத் தட்டில் விட்டு 5 நிமிடம் கழித்துப் பாருங்கள். தளர்வான சாஸைச் சுற்றி நீர் வளையம் கட்டும். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டார்ச்சோ சாந்தன் கம்மோ சேர்த்திருந்தால் தண்ணீர் பிரியாது, தக்காளி குறைவாக இருந்தாலும் கெட்டியாகவே நிற்கும். அதனால் பட்டியலையும் சேர்த்தே படியுங்கள்.

வெண்ணெய் அடுக்கில் ஏமாறுவது இன்னும் சுலபம். வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம். பக்கத்திலேயே அதே நிற டப்பாவில் இருக்கும் ‘ஸ்ப்ரெட்’ பலவற்றில் 60 சதவீதமோ அதற்கும் குறைவோதான், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். ரொட்டியில் தடவத் தாராளமாகப் போதும். பிஸ்கட் மாவில் போட்டால் அந்தத் தண்ணீர் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல சமயம் நாக்கில் உருகாமல் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். வினிகர் ஊறுகாய்க்கு என்றால் அமிலத்தன்மை 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பிராண்டு எதுவானாலும் 4 சதவீதம் இருந்தால் அதைச் சாலட்டுக்கு ஒதுக்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்று போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. டின் பொருளில் அது போதாது. நீர் வடித்த எடையை வைத்தே வகுக்க வேண்டும். இரண்டு 400 கிராம் பயறு டின்கள்: ஒன்றில் வடித்த எடை 240 கிராம், மற்றதில் 200. இரண்டாவது 10 சதவீதம் மலிவு என்று கூடையில் போட்டால், உள்ளே இருக்கும் பயறுக்கு உண்மையில் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். ஐஸ்கிரீமில் இதே வேலையைக் காற்று செய்கிறது. அளவு லிட்டரில் போட்டிருந்தால் தராசில் வையுங்கள். ஒரே லிட்டரில் எடை குறைந்த டப்பாவில்தான் காற்று அதிகம்.

“ரெண்டும் ஒரே ஃபேக்டரி சரக்குதான்” என்பது பாதி உண்மை. ஒரே ஆலையில் இரண்டும் தயாராவது உண்டு, ஆனால் கலவை ஆர்டர் கொடுப்பவர் சொன்னபடி. விலாசம் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடாது.

சுவையைக் கண்ணை மூடித்தான் சோதிக்க வேண்டும். மூன்று கிண்ணம் எடுத்து இரண்டில் ஒரு பிராண்டும் ஒன்றில் மற்றதும் வைத்து, வேறுபட்டது எது என்று வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். வரிசையை மாற்றி மாற்றி 6 முறை. நடுவில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 2 முறை சரியாக வரும். 4 வந்தாலும் தற்செயலாக இருக்கலாம். 5 அல்லது 6 வந்தால் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம். எது பிடித்தது என்று அதற்குப் பிறகு கேளுங்கள், பல வீடுகளில் பதில் கடை பிராண்டாகவும் இருக்கும்.