விடைக்கோழிக்கு லேயர் தீவனத்தை விற்ற கடையும் செத்துப்போன என் 13 கோழிகளும்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆவணி பிறந்ததும் 30 விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டைக்கு வராத பெட்டைக் கோழி, வாங்கி விட்டேன். ஒன்று 280 ரூபாய். இரண்டு மாதத்துக் கோழி, தடுப்பூசியெல்லாம் போட்டாச்சு என்று வியாபாரி சொன்னார். என்ன ஊசி, எந்தத் தேதியில் என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் தப்பு, அதை விடுங்கள். இந்தப் பதிவு தீவனக் கடைக்காரரைப் பற்றியது.

வளரும் கோழிக்குத் தீவனம் வேண்டும் என்றுதான் கேட்டேன். "பொட்டைதானே தம்பி? இதைப் போடுங்க, சீக்கிரம் முட்டைக்கு வந்துடும்" என்று வாய் திறந்திருந்த மூட்டையிலிருந்து 50 கிலோ அள்ளி, வெறும் சாக்கில் கட்டிக் கொடுத்தார். சாக்கில் எழுத்து எதுவும் இல்லை. பில்லும் இல்லை. மூன்று வாரத்தில் தீர்ந்தது, இன்னொரு 50 கிலோ வாங்கினேன். கம்பும் குருணையும் கொஞ்சம் கீரையும் போட்டு வளர்த்த அம்மாவுக்கு அந்தத் தீவனம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "இதுங்க என்ன இவ்வளவு தண்ணி குடிக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில்தானே என்றேன்.

உண்மையில் அது முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனம். ஓடு கட்டுவதற்காக அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு சதவீதம் போதும். மிச்சத்தை அதன் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். அதனால்தான் அத்தனை தாகம், எச்சமும் தண்ணீராகப் போனது. கொட்டிலில் பரப்பியிருந்த கடலைத் தோல் நனைந்து கட்டி தட்டியது. கதவைத் திறந்தால் கண் எரியும். அந்த நேரம் பார்த்து புரட்டாசி மழையும் பிடித்துக்கொண்டது.

ஐந்தாவது வாரம் நாலைந்து கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. "கொண்டையைப் பாருடா, வெளுத்துப் போச்சு" என்றார் அம்மா. மறுநாள் எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. போனில் படம் பிடித்துக்கொண்டு அதே கடைக்கு ஓடினேன். படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "வெள்ளைக் கழிச்சல், ஊரெல்லாம் இருக்கு" என்று ஒரு பொட்டலம் மஞ்சள் நிற மருந்துப் பொடியையும், தெம்புக்கு என்று ஒரு வைட்டமின் டானிக்கையும் கொடுத்தார். 740 ரூபாய். ஆறு நாள் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஏழு கோழி செத்தது. ஒவ்வொன்றையும் தென்னை மரத்தடியில் புதைத்துக்கொண்டே வந்தேன். அந்த ஆறு நாளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

ஏழாம் நாள் காலையில் மேலும் இரண்டு செத்துக் கிடந்தன. புதைக்கவில்லை. பையில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அங்கேயே இரண்டையும் அறுத்துக் காட்டினார். ஒன்றில் நடுக்குடல் பலூன் மாதிரி உப்பி, வெளிப்புறமெல்லாம் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி, உள்ளே ரத்தம். ரத்தக் கழிச்சல். ஈரக் கூளத்தின் வழியாகப் பரவும் ஒட்டுண்ணியால் வருவது. இன்னொன்றிலும் அதேதான், கூடவே சிறுநீரகம் வீங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. "என்ன தீவனம் போடுறீங்க?" என்று கேட்டார். கையோடு எடுத்துப்போயிருந்த ஒரு பிடியைக் காட்டினேன். விரலால் கிளறி, கல் கல்லாகக் கிடந்த சுண்ணாம்புத் துணுக்குகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த மஞ்சள் நிறப் பொடி ஆன்டிபயாட்டிக்காகத்தான் இருக்கும் என்றார். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு அது மருந்தில்லை. "வெள்ளைக் கழிச்சலாவே இருந்தாலும் அது வைரஸ், அதுக்கும் இது கேக்காது" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது ஆம்ப்ரோலியம். பி1 வைட்டமினைப் போலவே வேஷம் போட்டுப் போய் ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து அது. ஆகவே கூடவே டானிக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும், நிறுத்துங்கள் என்றார். மருந்து கலந்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எட்டக்கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சீக்குக் கோழி இரை எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கும், ஆனால் நல்ல கோழிகள் அதை நெருங்க விடாது. சோர்ந்தவற்றைப் பிரித்துப் பஞ்சாரத்தில் அடைத்து, பல்பு போட்டுக் கதகதப்பாக வைத்தேன். இரண்டுக்கு ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டியிருந்தது, ஒன்று பிழைத்தது. பழைய கூளத்தை முழுக்க வாரி வெளியேற்றி, காய்ந்த கடலைத் தோல் பரப்பி, தண்ணீர்க் குவளைகளைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். அதற்கு முன் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தேன். அந்த ஒட்டுண்ணியின் முட்டை அதற்கெல்லாம் அசையாதாம். தரையை நன்றாகக் காயவிடுவதும் வெயிலும்தான் அதற்கு எமன்.

தீவனத்தை வளரும் கோழிக்கான குரோயருக்கு மாற்றினேன், இந்த முறை தையல் பிரிக்காத மூட்டை, லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கினேன். இன்னும் நாலு போனது. 17 தேறின. தேறி மூன்று வாரம் கழித்து வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. வியாபாரி சொன்ன ஊசியை நம்ப இனி நான் தயாரில்லை.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "மழைக்கு எல்லா ஊர்லயும்தான் சாகுது, நம்ம தீவனத்துல என்ன இருக்கு?" என்றார். மூட்டை எது என்று காட்டச் சொன்னதற்கு, அன்றைய சரக்கு தீர்ந்துவிட்டது என்றார். பில் இல்லாமல் நான் என்ன பேச? பில்லும் லேபிளும் இல்லாமல் தீவனமோ, கோழியைப் பார்க்காமல் பொட்டலத்தில் மருந்தோ யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். செத்த கோழியைப் புதைக்கும் முன் கால்நடை டாக்டரிடம் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் அதற்குக் காசுகூட வாங்கவில்லை.

மிச்சமிருந்த லேயர் தீவனத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் எல்லாம் முட்டையிடும் கோழிகள். அவற்றுக்கு அது சரியான தீவனம்தான்.