அனிமோனை இடம் மாற்ற எந்த வழி: பாறையோடு தூக்குவதா, பனிக்கட்டியா, நீரோட்டமா, நகமா?

கடல்நீர் மீன்தொட்டியில் வளர்க்கும் கடல் சாமந்தி என்னும் அனிமோனை இடம் மாற்றும்போது பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: அது ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதியான பாதம் கிழிவது. கிழிந்த இடத்தில் கிருமி புகுந்தால் உடல் கரையத் தொடங்கும், தண்ணீர் கெடும், கூட இருக்கும் மீன்களையும் இழக்க நேரிடும். எது சீக்கிரம் முடியும் என்பதை விட்டுவிட்டு, எதில் பாதம் பிழைக்கும் என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் பாறையோடு தூக்குவதற்கு ஈடே இல்லை. குமிழ்நுனி வகை, விரல்கூட நுழையாத இடுக்கில் பாதத்தைச் செருகிக்கொள்ளும்; அதைப் பிரித்தெடுக்க நினைப்பதே தவறு. தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை நிறுத்தி, நைட்ரைல் கையுறை போட்டு, தண்ணீருக்குள்ளேயே பாறையை நகர்த்துங்கள். வேறு தொட்டிக்குப் போகிறதென்றால் ஒரு வாளியைத் தொட்டிக்குள் மூழ்கவிட்டு, பாறையை அதில் வைத்துத் தண்ணீரோடு தூக்குங்கள். வெளிக்காற்றில் தொங்கவிட்டால் நீர் நிறைந்த உடலின் கனமே பாதத்தைப் பிய்த்துவிடும். பாறைகளைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால் மட்டும் இந்த வழி எடுபடாது.

அடுத்தது பனிக்கட்டி. சின்னப் பாறை, மெல்லிய பாறை என்றால் நன்றாக வேலை செய்யும். ஜிப் பையில் போட்டு, பாதத்துக்கு அருகே பாறையின் மறுபுறம் வைத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பாதத்தின் விளிம்பு சுருங்கி மேலெழுவது தெரியும். உடனே பையை எடுத்துவிடுங்கள். உருகும் நன்னீர் நேராகப் பட்டால் தோல் புண்ணாகும், அதனால் பை இல்லாமல் வைக்கவே கூடாது.

நீரோட்டத்தைப் பாதத்தின் பக்கம் திருப்பி, மேலே வெளிச்சத்தையும் மறைத்தால் அனிமோன் தானாகவே நகரும். காயமே இருக்காது. ஆனால் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. இரவில் பம்ப்பின் வாயில் போய்ச் சிக்கிச் சிதைவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபத்து. எல்லா உறிஞ்சு வாயிலும் ஸ்பாஞ்ச் மாட்டாமல் இதில் இறங்காதீர்கள்.

நகத்தால் எடுப்பது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதற்குத்தான். விளிம்பில் ஒரு இடத்தைத் தூக்கி, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். இறுக்கிக்கொண்டால் கையை எடுத்துவிட்டு, அது தளர்ந்த பிறகு தொடருங்கள். மணலில் பாதம் புதைக்கும் கம்பள அனிமோனுக்கும் இதே முறைதான். முதலில் மணலை ஒதுக்கி அடியைக் கண்டுபிடிக்க வேண்டும். இழைகளைப் பிடித்து இழுக்கவே கூடாது.

இவ்வளவுக்கும் முன்னால், அது தானாக அலைகிறதென்றால் தண்ணீரைச் சோதியுங்கள். உப்படர்த்தி 1.025–1.026, வெப்பம் 25–27 டிகிரி இருக்க வேண்டும். தஞ்சை, கும்பகோணம் பக்கம் சித்திரையில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 30-ஐத் தாண்டும். அந்த நாட்களில் விடியற்காலையில் மாற்றுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நாகை, பூம்புகார் கரையில் எடுக்கும் கடல் நீரில் வெள்ளநீர் கலந்திருக்கும், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஆவியான நீரை ஈடுகட்டப் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான். கரையோர ஊர்களில் போர் தண்ணீரின் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

புது இடத்தில் பாதத்தை இடுக்கில் வைத்து, ஓட்டத்தை 15 நிமிடம் நிறுத்துங்கள். பிடிக்காமல் மிதந்தால் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் நாலு கல்லோடு வைத்து, ஓட்டம் குறைந்த இடத்தில் விடுங்கள். மூன்று நாளைக்குத் தீனி வேண்டாம். கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர் பம்ப் தயாராக இருக்கட்டும். வாய் விரிந்தே இருந்து, இழைகள் ஒட்டாமல், அழுகல் நாற்றமும் வந்தால் அது பிழைக்காது. அப்போதே எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புதுக் கார்பன் போடுங்கள்.