சிப்புக்குள்ளே: வயரா, ஆன்டெனாவா, காயிலா?

மாடி வீட்டில் தங்கி எம்.டெக் படிக்கும் திருநெல்வேலிப் பெண் போன வாரம் லேப்டாப்போடு இறங்கி வந்தாள். "அண்ணா, சிப்புக்குள்ள ஒரு பகுதி இன்னொரு பகுதியோட பேச வயர்லெஸ்னு புராஜெக்ட் எடுக்கலாமா, இல்ல வயரே போதும்பாங்களா?" பெங்களூரு அல்சூரிலிருந்து தினமும் அவுட்டர் ரிங் ரோடு போய் சிப் லேஅவுட், அதாவது சிப்புக்குள் எது எங்கே என்ற வரைபடம், போடுகிறவன் நான். செம்புக் கம்பிகளோடுதான் பிழைப்பு. ஆனாலும் வயர் பக்கமே சாய்ந்து பதில் சொல்ல மனம் வரவில்லை.

சிப்பில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு வயர்தான், சந்தேகமே இல்லை. மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 5 மில்லிமீட்டர், சிலிக்கானுக்குள் சுமார் 1.45. அலைநீளத்தில் கால் பங்கு ஆன்டெனா என்றாலே 360 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்) ஆகிவிடும். அந்த அகலத்தில் மைக்ரானுக்கு ஒன்றாக 360 கம்பி இழுக்கலாம். கம்பிக்கு விநாடிக்கு 1 கிகாபிட் வைத்தாலும் 360 கிகாபிட். ஆன்டெனா இணைப்புக்கு ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் வேகமோ 16 கிகாபிட் அளவுதான். போதாக்குறைக்கு சிலிக்கான் அலையை உறிஞ்சும்.

தூரம் கூடினால் கதை வேறு. கம்பி இரண்டு மடங்கு நீண்டால் தாமதம் நான்கு மடங்கு; அதற்காகத்தான் வழியெங்கும் சிக்னலுக்கு மறுபடி பலம் கொடுக்கும் ரிப்பீட்டர் போடுகிறோம், அவையும் மின்சாரம் தின்னும். 8க்கு 8 மெஷ்ஷில், அதாவது கட்டம் கட்டமான வலையில், 64 கோர் (கணக்குப் போடும் பகுதி) இருந்தால், சேதியை வழிகாட்டி அனுப்பும் ரூட்டர்கள் வழியே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 14 தாவல். ஒரு கோர் தன் கேஷில் (பக்கத்திலேயே வைத்திருக்கும் சிறு நினைவகத்தில்) ஒரு மதிப்பை மாற்றுகிறது. "உங்களிடம் இருப்பது பழசு" என்று மற்ற 63 கோருக்கும் தெரிய வேண்டும். வயரில் அந்தச் சேதி ரூட்டர் ரூட்டராக ஏறி இறங்கும். ஆன்டெனாவில் ஒரு தடவை சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். ஒரே அலைவரிசையில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் யார் முறை என்று தீர்க்கும் வேலை மட்டும் கூடுதல்.

சிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் காயில், அதாவது சுருள், எனக்கு ரொம்பப் பிடித்த வழி. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தடாஹிரோ குரோடா வளர்த்தது இது. இருக்கிற உலோக அடுக்கிலேயே சுருள் வரைந்து, காந்தப்புலத்தால் அடுத்த சிப்போடு பேச வைக்கிறார்கள். சிலிக்கானைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் தூரம் கூடினால் சுருளும் பெரிதாகும், அதனால் சிப்பை மெல்லியதாகச் சீவ வேண்டும். மின்சாரம் கொடுக்க எப்படியும் தனிக் கம்பி வேண்டும். செம்போடு செம்பை ஒட்டும் முறையோ கடைக்கே வந்துவிட்டது: 2022இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப் 64 எம்பி கேஷை அப்படித்தான் தலையில் சுமந்து வந்தது.

"அப்போ எல்லாருக்கும் சொல்ற சேதியை மட்டும் ஆன்டெனாவுக்குக் கொடு, மீதி வயரிலேயே ஓடட்டும்" என்றேன். பில்லிலேயே 64 கட்டம் வரைந்து பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். 16 கோருக்கு ஓர் ஆன்டெனா, மொத்தம் நாலு போதும் என்கிறாள். நடுவில் இன்னொன்று வேண்டும் என்பது என் கட்சி.