ஒற்றை மருந்து சிரப்பா, கூட்டுச் சளி மாத்திரையா?

கோபியில் அப்புச்சிக்கு ஃப்ளூ. டாக்டர் ஃப்ளூ வைரஸைத் தடுக்கும் ஓசல்டாமிவிர் 75 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 5 நாளுக்கு எழுதினார். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650. இருமல்தான் நிற்கவில்லை. மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரை அட்டையை நீட்டி, “இதையும் போட்டுக்கலாமா கண்ணு?” என்றார்.

பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன்: பாராசிட்டமால் 500, மூக்கடைப்புக்கு ஃபினைலெப்ரின், மூக்கொழுகலுக்கு குளோர்பெனிரமின். ஓசல்டாமிவிரோடு இவை மோதுவதில்லை. வம்பு பாராசிட்டமாலில். டாக்டர் தந்த 650-ஐயும் இதையும் ஒரு நாளைக்கு 4 வேளை போட்டால் 4,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உச்சவரம்பே 4,000. போதாததற்கு ஃபினைலெப்ரின் பிரஷரை ஏற்றும், அவருக்கோ ஏற்கெனவே பிரஷர். குளோர்பெனிரமின் தூக்கக் கலக்கம் தரும். ராத்திரி தோட்டத்துச் சாளையில் தடுக்கி விழுந்தால்?

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ள சிரப் வறட்டு இருமலுக்கு. பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஓசல்டாமிவிரோடு தகராறில்லை. என் ஓட்டு இதற்கே. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சரி, ரிடோனவிர் சேர்ந்த கொரோனா மாத்திரை என்றால்? அது பல மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையே குறைத்துவிடும். அப்போது எந்த சிரப்பானாலும் கேட்டுவிட்டுத்தான்.