சர்க்கரை நோயாளிக்குக் கண்புரை: ஃபேக்கோவா, எஸ்.ஐ.சி.எஸ்.ஸா?

கண்புரையை அகற்ற இரண்டு வழிகள்: அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ, சிறு வெட்டு வழியாகக் கையால் எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கருவிழியை, அதாவது கண்ணின் முன்புறமுள்ள தெளிவான கார்னியாவை. அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியச் செல்கள் உள்ளன. உள்ளே கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். அழிந்த செல் மீண்டும் உருவாகாது. பக்கத்துச் செல் விரிந்து இடத்தை அடைக்கும், அவ்வளவே. பெரியவர்களுக்குச் சதுர மி.மீ.க்குச் சுமார் 2,500 இருக்கும். 500ஐ நெருங்கினால் கருவிழி வீங்கி மங்கும்.

நெடுநாள் சர்க்கரையில் செல்லுக்குள் சார்பிடால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் சேர்ந்து, நீரை வெளியேற்றும் சோடியம்-பொட்டாசியம் பம்பு தளர்கிறது. எனவே இந்தச் செல்களைப் படமெடுத்து எண்ணும் ஸ்பெக்குலர் அறிக்கையில் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. அறுகோணச் செல்கள் 50 சதவீதத்துக்குக் கீழே, அளவு மாறுபாடு 0.40க்கு மேலே என்றால், எண்ணிக்கை 2,400 இருந்தாலும் அந்தக் கருவிழியிடம் கையிருப்பு குறைவு.

ஃபேக்கோவில் வெட்டு 2.2 முதல் 2.8 மி.மீ. மட்டுமே; தையல் வேண்டாம், காயம் சீக்கிரம் ஆறும். சர்க்கரையால் விரியாத பாவையையும் (கண்மணித் துளை) வளையம் போட்டுச் சமாளிக்கலாம். செல்களைக் கெடுப்பவை அல்ட்ராசவுண்ட் சூடும், சுழலும் திரவமும், தெறிக்கும் துண்டுகளும். புரை கெட்டியாக ஆக அந்தச் சக்தி செலவாகும் நேரமும் நீளும்.

எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் வெள்ளைவிழி வழியாக 6 முதல் 7 மி.மீ. சுரங்க வெட்டு. அல்ட்ராசவுண்ட் கிடையாது. ஆனால் புரையின் கருவை முழுசாக முன்னறைக்கு (கருவிழிக்குச் சற்றுப் பின்னுள்ள இடம்) கொண்டுவந்து வெளியே எடுக்க வேண்டும். அப்போது அது கருவிழியில் உரசினால் ஒரே நொடியில் பெரிய இழப்பு. பாவை சிறுத்திருந்தால் கருவிழிப்படலமும் (பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ்) சேர்ந்து இழுபடும், அழற்சி கூடும்.

மென்மையான, நடுத்தரப் புரைக்கு ஃபேக்கோதான் எங்கள் தேர்வு. பழுப்பேறிய கெட்டிப் புரையோடு செல்களும் நலிந்திருந்தால், கைதேர்ந்தவர் செய்யும் எஸ்.ஐ.சி.எஸ். மேல். இதை மலிவான மாற்றாக எண்ணி ஒதுக்குவது தவறு.

எதைச் செய்தாலும் செல்களைக் காப்பது விஸ்கோ என்னும், கண்ணுக்குள் ஏற்றும் கூழ்தான். கருவிழியோடு ஒட்டி நிற்கும் சிதறும் வகையை முதலில் ஏற்றி, அதன் அடியில் கெட்டியான வகையை ஏற்ற வேண்டும். ஃபேக்கோவில் பாதியிலேயே விஸ்கோ கரைந்து போகும். மீண்டும் நிரப்பாமல் தொடர்வதே அடிக்கடி நடக்கும் பிழை. எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் கருவுக்கு மேலும் கீழும் நிரப்பிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு காலையில் மங்கலாகத் தெரிந்து மதியத்துக்குள் தெளிந்தால் அது பம்பு தளர்ந்ததன் அறிகுறி: இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாவதில்லை. சர்க்கரை கருவிழி நரம்புகளையும் மரக்கச் செய்யும் என்பதால் வலி இல்லாமலே புண் வரலாம். வலி இல்லை என்று குறித்த நாள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.