கானா ரெக்கார்டிங்குக்கு அப்கிரேட் தேவையா? க்யூபேஸ், ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ: ஓர் அலசல்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி ரூமில் கானா பாடகர்களுக்கு ரெக்கார்டிங் செய்து தருகிறேன். ஒரு குரல், டோலக், பின்னால் கோரஸுக்கு நாலு தம்பிகள். பெரும்பாலும் செட்டு அவ்வளவுதான். கையில் இருக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் க்யூபேஸ் ப்ரோ 12. இதை 14க்கு ஏற்றுவதா, இன்னொரு சாஃப்ட்வேரான ரீப்பர் 7க்கு மாறுவதா, தம்பிகள் சொல்கிற மாதிரி எஃப்எல் ஸ்டுடியோவுக்கே போய்விடுவதா என்று சில மாதமாக ஒரே யோசனை. கடைசியில் மூன்றின் ட்ரையலையும் இறக்கி, என் வேலையை வைத்தே ஓட்டிப் பார்த்தேன்.

க்யூபேஸ் 12 வந்தது 2022 மார்ச்சில். அதற்குக் கொடுத்த காசு எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. அதுவரை லைசென்ஸ் யூஎஸ்பி டாங்கிளில், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் ஒரு சின்னச் சாவியில் இருந்தது. வெளியே ரெக்கார்டிங் போனால் மைக்கைவிட அதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். 12லிருந்து டாங்கிள் கிடையாது, ஒரு லைசென்ஸை மூன்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். 13ல் வோக்கல்செயின் வந்தது: குரலைச் செப்பனிடும் ஈக்யூ, கம்ப்ரஸர், டீ-எஸ்ஸர், டிலே, ரிவெர்ப் எல்லாம் ஒரே திரையில். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ரொம்ப உதவும். ஆனால் அதே வரிசையை ட்ராக் ப்ரீசெட்டாக (சேமித்து வைத்த செட்டிங்காக) நான் 12லேயே செய்து வைத்திருக்கிறேன். 14ல் ட்ரம் ட்ராக், பேட்டர்ன் சீக்வென்சர், மாடுலேட்டர்கள், மிக்ஸரில் சேனலை இழுத்து இடம் மாற்றும் வசதி. கடைசியாகச் சொன்னது மட்டும் என்னை உண்மையிலேயே இழுத்தது. கோரஸ் ட்ராக்குகள் பன்னிரண்டு, பதினைந்து ஆகும்போது அதன் அருமை தெரியும். ஆனாலும் அதற்காக மட்டும் அப்கிரேட் காசா?

எனக்கு நிஜமாக வேண்டியது வேறு. மரண கானா பாடிப் பழகிய பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஹெட்போனில் க்ளிக் (தாளக் கணக்குக்கான டிக் டிக் சத்தம்) போட்டதுமே கழற்றிவிட்டார். "அந்த டிக்கு டிக்க நிறுத்துப்பா, மூச்சு வாங்க வுட மாட்டேங்குது." நிறுத்தினேன். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய குரல் அது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அவருக்கும் டோலக் அடிப்பவருக்கும் நடுவில் கண்ணாலேயே முடிவாகிறது. நிமிஷத்துக்கு 96 பீட்டில் ஆரம்பித்த பாட்டு கடைசிச் சரணத்தில் 104ஐத் தொட்டது. அதுதான் அந்தப் பாட்டின் உயிர். அதை நேர்க்கோட்டில் நிறுத்தக் கூடாது.

இப்படி எடுத்த பாட்டுக்குப் பிறகு கீபோர்டும் பேஸும் சேர்க்க வேண்டும் என்றால், திரையில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகள் டோலக்கின் பின்னால் போக வேண்டும். க்யூபேஸில் டோலக் ட்ராக்கைத் தேர்ந்து டெம்போ டிடெக்‌ஷன் கொடுத்தால் பாட்டின் வேகம் எங்கெங்கே மாறுகிறது என்று மேப் போட்டுவிடும். இரண்டு மூன்று இடத்தில் கையால் திருத்தினால் போதும். இந்த வசதி 2011ல் க்யூபேஸ் 6லேயே வந்துவிட்டது. எனக்கு மிகவும் தேவையானது பழைய வெர்ஷனிலேயே இருக்கிறது. ரீப்பரிலும் செய்யலாம், பகுதி பகுதியாக அளந்து டெம்போ மார்க்கர் வைக்க வேண்டும்; நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒரு ராத்திரி போய்விட்டது. எஃப்எல் ஸ்டுடியோ பீட்டை முதலில் கட்டிவிட்டுக் குரலை அதன்மேல் வைக்கிறவர்களுக்கானது. என் வேலை தலைகீழ்.

ஆனால் லேப்டாப்பில் பீட் போடும் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தம்பிகளுக்கு எஃப்எல் ஸ்டுடியோவைத்தான் சொல்வேன். ஒரு தடவை வாங்கினால் பின்னால் வரும் வெர்ஷன்கள் எல்லாம் இலவசம்; அப்கிரேட் என்ற பேச்சே கிடையாது. ட்ரையலில் சேமித்த ப்ராஜெக்டை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது, அதனால் ஒரே உட்காரலில் முடித்து ஆடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். குரலும் பதிய வேண்டும் என்றால் ப்ரொட்யூசர் எடிஷன் வாங்குங்கள். கிராக் (திருட்டுக் காப்பி) போட வேண்டாம் தம்பி. கடைசி மிக்ஸ் நேரத்தில் ப்ராஜெக்ட் திறக்காமல் என்னிடம் ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரீப்பர் விஷயத்தில் கணக்கு இன்னும் நேர்மையானது. தனிநபருக்கும், வருஷ வரவு 20,000 டாலருக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கும் 60 டாலர். அதாவது வரிக்கு முன் ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். ஒரு லைசென்ஸ் இரண்டு பெரிய வெர்ஷனுக்குச் செல்லும்: 7ல் வாங்கினால் 8 முடியும்வரை. 2023 அக்டோபரில் வந்த 7ல் ட்ராக் லேன் காம்பிங் சேர்த்தார்கள், அதாவது பல டேக்கிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வசதி. கோரஸ் தம்பிகள் ஆறு டேக் பாடுவார்கள். முதல் வரி மூன்றாவதில் நன்றாக இருக்கும், கடைசி வரி ஐந்தாவதில். மவுஸால் இழுத்துப் பொறுக்கினால் முடிந்தது. 6ல் இருப்பவர்கள் இதற்காகவே தாராளமாக 7க்குப் போகலாம். பென் ட்ரைவிலேயே போட்டு எடுத்துப் போகவும் முடியும். அதோடு வரும் இன்ஸ்ட்ருமென்ட் சவுண்டுகள் மிகக் குறைவு, டோலக்கும் குரலும் எடுக்க அது தடையில்லை.

அதனால் ரூமில் க்யூபேஸ் 12 அப்படியே இருக்கிறது. வெளி ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் லைசென்ஸ் வாங்கினேன். மிச்சக் காசை ரூம் ஜன்னலில் போட்டேன். கன்டெய்னர் லாரி போகும்போது வரும் உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் டோலக்கின் "கும்" சேர்ந்து போகிறது. அதை எந்த வெர்ஷனும் திருப்பித் தராது. இரட்டைக் கண்ணாடியும் ராக்வூலும் (சத்தத்தை உறிஞ்சும் கம்பளி போன்ற பொருள்) அடித்த பிறகு வெட்டை 50க்கு இறக்க முடிந்தது. அன்றைக்குப் பெரியவர் கேட்டுவிட்டு, "இப்பதான்பா தோலு பேசுது" என்றார்.

கட்டாயம் க்யூபேஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: 13, 14 இரண்டுமே நவம்பரில் வந்தவை. புது வெர்ஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பழையதை ஆக்டிவேட் செய்தவர்களுக்குப் புதியதை இலவசமாகவே தருகிறார்கள். அந்தச் சலுகைத் தேதியைப் பார்த்துவிட்டு லைசென்ஸை ஆக்டிவேட் செய்யுங்கள்.